ஒன்று தசம் எட்டு ஐந்து

"அண்ணை, கசற் கழட்டுற சாவி இருக்கோ?"

துணுக்காய்ச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே, வேப்பமரத்துக்குக் கீழே நாலு தகரம் போட்டு இறக்கிய சைக்கிள் கடை. கடை அண்ணை ஒரு ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமத்திப் பிடித்துக் குமிழி வருமிடம் தேடிக்கொண்டிருந்தார். நிமிராமலே பதில் சொன்னார்.

"ரேப் சிக்கிப் போச்சோ மாஸ்ரர்? ஒரு பேனையை ஓட்டைக்குள்ள விட்டுச் சுத்துங்கோ, வந்திடும்."

பாட்டுக் கசற் இல்லை, சைக்கிள் கசற் என்றேன். ரியூப்பை விட்டுவிட்டு எழும்பி வந்தார். பின்சில்லின் நடுவில் சின்னதும் பெரிதுமாக அடுக்கியிருந்த ஒன்பது பற்சில்லுகளைக் காட்டி, இந்தக் கூட்டத்துக்குத்தான் கசற் என்று பெயர் என்றேன்.

"ஆர் வச்ச பேர்?"

"வெள்ளைக்காரன்தான்."

"பாட்டுப் பெட்டிக்கும் அவன்தானே அந்தப் பேரை வச்சவன். அவனுக்கென்ன, பேருக்குத் தட்டுப்பாடோ?"

தமிழ் படிப்பிக்கிறவன் நான். பிரெஞ்சு மொழியில் அதற்குச் சின்னப் பெட்டி என்று பொருள் எனச் சொல்ல வாய் உன்னியது. இதில எங்க பெட்டி என்று அவர் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மூடிக்கொண்டேன்.

அவரில் பிழையுமில்லை. எங்கள் பக்கத்தில் சைக்கிளும் கசற்றும் எப்போதோ சம்பந்தம் செய்துகொண்டவை. தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை. பற்றரி தடைப் பட்டியலில் இருந்த சாமான். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணம் வெளிக்கிட்டு, அடுத்த வருசம் கிளிநொச்சியும் வெளிக்கிட்டு, சனம் மல்லாவிக்கும் துணுக்காய்க்குமாக வந்து நிறைந்தபோது கூடவே வந்தது சைக்கிள்தான். பின்னேரங்களில் அதைத் தலைகீழாக நிறுத்துவோம். டைனமோவை ரயரில் முட்டவிட்டு, வயரை ரேப் ரெக்கோடருக்குக் கொடுத்து, ஒருவன் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் வட்டமாக இருந்து பாட்டுக் கேட்போம். சுற்றுகிறவனின் கைதான் கரண்ட். அவன் களைத்தால் பாட்டும் களைக்கும். சுசீலா தொடங்கிய பாட்டைப் பல தடவை சௌந்தரராஜன் முடித்துவைத்திருக்கிறார். என் முறை வந்தால் இரண்டாவது சரணத்திலேயே வவுனிக்குளத்து எருமை ஒன்று வந்து பாடத் தொடங்கிவிடும்.

அப்படிப் பொருந்தியிருந்த இரண்டும் பொருந்தாமல் போனது என் வீட்டில்.

சைக்கிள் என்னுடையதல்ல, சுவிஸ் மச்சானுடையது. ஒரு விடுமுறைக்கு வந்தபோது, இரண்டு கிழமை ஊரில் ஓடுவதற்கென்று விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தான். முதல்நாள் வவுனிக்குளம்வரை போய்வந்தான். இரண்டாம் நாளிலிருந்து வான் பிடித்தான். "வைச்சிரு மச்சான், வாற முறை வந்து ஓடுறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா அதைப் பழைய சேலை ஒன்றால் போர்த்தி, நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினா. கோயில் வாகனம்போல் அது அங்கேயே நின்றது.

2022 இல் பெற்றோல் வரிசை வந்தது. கியூஆர் கோட் வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தீர்ப்பான பிறகு எங்கள் வாகனமும் சேலையைக் களைந்து வீதியுலா வெளிக்கிட்டது. ஒன்பது கியரில் நான் பாவித்தது ஒன்றை. மற்ற எட்டும் விருந்தாளிகள்.

பெற்றோல் திரும்பி வந்த பிறகும் நான் சைக்கிளை விடவில்லை. காற்சட்டை இடுப்பில் லேசாக வந்ததால் ஒரு பெருமை. அந்தப் பெருமையோடு ஒருநாள் இரவு மாங்குளம்–வெள்ளாங்குளம் வீதியால் வந்துகொண்டிருந்தேன். இரவில் எங்கள் மாடுகள் தார் றோட்டின் சூட்டுக்கு அதன் நடுவில் படுத்திருக்கும். ஒரு நாம்பன் எழும்பி எனக்கு வழிவிட நினைத்தது. நானும் அதற்கு வழிவிட நினைத்தேன். இரண்டு பேரும் ஒரே பக்கமாக நினைத்துவிட்டோம். நான் ஒரு பக்கம் விழ, சைக்கிள் மறுபக்கம் விழ, நாம்பன் பின்சில்லில் கால்வைத்து மிதித்துக்கொண்டு தன்பாட்டில் போனது.

கடை அண்ணை சில்லைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சுற்றிப் பார்த்தார்.

"கோட்டம் எடுக்கலாம் மாஸ்ரர். ஆனா இது கோட்டமில்லை, கோலம்."

படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதுதான் நான் செய்த முதல் பிழை. எனக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்கள் இரண்டு பேர். சில்லுக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்கள் பதினாறு பேர். ரொறன்ரோ அக்கா பஞ்சு முட்டாசு கலரில் ஒரு பிள்ளையார் படம் போட்டா. சுவிஸ் மச்சான், "சில்லு ஒண்டு நிலக்கீழறையில சும்மா கிடக்கு, ஆளிட்டைக் குடுத்துவிடுறன்" என்று எனக்குத் தனியே எழுதினான். லண்டன் சித்தப்பா, "டேய் தம்பி, சில்லு மாத்தேக்கை கசற்றையும் மாத்தோணும், நான் அனுப்புறன்" என்று தனியே எழுதினார். இரண்டு நாடுகள் ஒன்றையொன்று கேளாமல் எனக்கு உதவி செய்யத் தீர்மானித்தன.

சுவிஸிலிருந்து சில்லு ஒரு கட்டில் விரிப்புக்குள் சுற்றி வந்தது. கம்பிகளுக்கிடையில் சொக்லேற் செருகியிருந்தான். வெயிலில் உருகி ஹப்புக்குள் கொஞ்சம் இறங்கியிருந்தது. லண்டனிலிருந்து வந்த கசற் ஒரு அழகான மட்டைப் பெட்டிக்குள் இருந்தது. திறந்ததும் அம்மா, "இதென்ன தம்பி, தட்டம் மாதிரி" என்றா. பன்னிரண்டு பற்சில்லுகள். ஆகச் சின்னதில் 10 பல், ஆகப் பெரியதில் 51 பல். ஐம்பத்தொரு பல் எதற்கென்றால், செங்குத்தான மலையில் இளைக்காமல் ஏறுவதற்காம். துணுக்காயில் ஏறுவதற்கு இருக்கிற ஒரே மலை வவுனிக்குளத்துக் கட்டு. அதிலும் சனம் இறங்கி உருட்டிக்கொண்டுதான் ஏறும்.

இந்த இரண்டையும் காவிக்கொண்டுதான் அன்றைக்குக் கடைக்குப் போனேன்.

கடை அண்ணையின் உலகத்தில் இது ஏறுமோ ஏறாதோ என்ற கேள்வியே கிடையாது. லுமாலா என்றாலென்ன, ராலி என்றாலென்ன, இந்தியாவிலிருந்து வந்த ஹீரோ என்றாலென்ன, பின் ஹப்பில் வெட்டியிருப்பது ஒரே புரி. விட்டம் 1.37 இஞ்சி, இஞ்சிக்கு 24 புரி. பிரித்தானியர் போட்ட கணக்கு. பிறீவீலைக் கையால் சுற்றி ஏற்றிவிட்டால் மிதிக்க மிதிக்கத் தானாகவே இறுகும். ஒருவனுடைய செத்த சைக்கிளின் பிறீவீல் இன்னொருவனுடைய சைக்கிளில் மறுபிறவி எடுக்கும். சண்டைக் காலத்தில் வன்னி உருண்டது அந்த 24 புரியில்தான் என்று எனக்கொரு எண்ணம்.

பிறீவீலோடு எனக்குத் தனிப்பட்ட கணக்கொன்றும் உண்டு. பதினொரு வயதிருக்கும். அப்பாவின் சைக்கிளை உருட்டும்போது டிக் டிக் என்று சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பார்க்க ஆசைப்பட்டேன். பிறீவீலின் மூடி வளையம் மற்றப் புரிகள்போல் இடப்பக்கம் சுற்றினால் கழராது. அது எதிர்ப்புரி, வலப்பக்கம் சுற்றினால்தான் கழரும். எனக்கு அது தெரியாது. இடப்பக்கமென்று நினைத்து உளியைத் தப்பான பக்கத்தில் வைத்து அடித்தேன், அது சரியான பக்கமாகிவிட்டது. வளையம் கழன்றது. உள்ளே இரண்டு குட்டிக் கொளுக்கிகள், மயிர்போன்ற இரண்டு சுருள் கம்பிகள். முன்னால் போகையில் கொளுக்கி பல்லைப் பிடிக்கும், விட்டுவிட்டு உருளுகையில் பல்லின்மேல் வழுக்கி டிக் என்னும். அவ்வளவுதான் இரகசியம். அதை நான் விளங்கிக்கொண்ட அதே கணத்தில் கடுகு மாதிரி போல்ஸ் முழுவதும் முற்றத்து மணலுக்குள் கொட்டுப்பட்டது. அம்மா சுளகு கொண்டுவந்து மணலைப் புடைத்தா. கிடைத்ததைப் போட்டு அப்பா மூடினார். எத்தனை குறைந்ததென்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அந்தச் சைக்கிள் டிக் டிக் என்று சொல்லாமல் சப்பிச் சப்பிக் கதைத்தது. அப்பா என்னோடு கதைக்கவேயில்லை.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை ஏன் மாற்றினார்கள்? இதைக் கடை அண்ணையே சொன்னார், வேறு வார்த்தைகளில். "விறகுக்காரர் மூண்டு பாரம் கட்டினா அச்சு எப்பவும் வலப்பக்கத்திலதான் முறியும்" என்றார். காரணம் எளிது. புரி போட்ட ஹப்பில் வலப்பக்கத்துப் போல்ஸ் பிறீவீலுக்கு உட்பக்கமாக நின்றுவிடும். அதற்கு வெளியே பிறீவீலின் அகலம் முழுக்க அச்சு தாங்க ஆளில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். பற்சில்லு ஒன்றென்றால் அச்சு பொறுக்கும். ஐந்து, ஆறு, ஏழு என்று அடுக்கிக்கொண்டு போக அந்த நீட்டம் கூடும், அச்சு வளையும், பிறகு முறியும். ஷிமானோ கொம்பனி 1921 இல் ஜப்பானின் சாக்காய் நகரத்தில் தொடங்கியதே பிறீவீல் செய்வதற்குத்தான். அவர்களே 1978 இல், அந்தக் கொளுக்கிகளையும் போல்ஸையும் ஹப்போடு சேர்த்துவிட்டு, பற்சில்லுகளை மட்டும் தனிக் கூட்டமாகச் செருகிக் கழற்றும் ஏற்பாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். செருகும் உருளை பிறீஹப். செருகப்படும் கூட்டம் கசற். வலப்பக்கத்துப் போல்ஸ் வெளிநுனிக்கு நகர்ந்தது, அச்சுக்கு ஆதரவு கிடைத்தது. அச்சு முறிவது நின்றது, ஆள் முறிவது தொடங்கியது. ஏனென்றால் புரி ஒன்றாக இருந்த இடத்தில் தவாளிப்பு பலவாகிவிட்டது.

லண்டன் கசற்றைத் தூக்கிச் சுவிஸ் சில்லில் வைத்துப் பார்த்தோம். முட்டிக்கொண்டு நின்றது. திருப்பி, சரித்து, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார்த்தோம். அண்ணையின் கண் சுத்தியலுக்குப் போனது. நான் அவசரமாகக் கசற்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அது ஏறாததற்குக் காரணம் அந்தப் பத்துப் பல். எங்களிடம் வந்த சுவிஸ் சில்லில் இருப்பது பழைய வகை உருளை. அதன் மொத்தத்துக்கு மேலே ஏற்றக்கூடிய ஆகச் சின்னப் பற்சில்லு 11 பல். பத்துப் பல்லுச் சில்லின் நடு ஓட்டை அதைவிடச் சின்னது, உருளை அதற்குள் போகாது. பத்து வேண்டுமென்று ஆசைப்பட்டவர்கள் உருளையையே மாற்றவேண்டி வந்தது. ஷிமானோ 2018 இல் மலைச் சைக்கிளுக்குப் பொடிப்பல் மாதிரி நுணுக்கமான தவாளிப்போடு புதிய உருளை விட்டது. அமெரிக்காவின் ஸ்ராம் அதற்கு முன்பே தனக்கென்று ஒன்று வைத்திருந்தது. இத்தாலியின் கம்பாக்னோலோவுக்குத் தவாளிப்பு வேறு, அது அவர்களுடைய பரம்பரைச் சொத்து. ஒரு பல் குறைக்கிறதற்கு ஒரு புதிய சாதி.

சித்தப்பாவுக்குப் படம் அனுப்பினேன். "ஹப் உருளையை மாத்து" என்றார். மாற்றினால் போதுமோ என்றேன். "பன்னிரண்டுக்குப் பொருத்தமான கியர் லிவரும் வேணும். பின்னுக்குத் தொங்குற கியர் தூக்கியும் வேணும். செயினும் ஒடுக்கமா வேணும்." அப்படிப் பார்த்தால் மச்சானின் சைக்கிளில் மிஞ்சுவது பெல் மட்டும்தான்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா பெருமூச்சு விட்டா. "சாதகம் பாக்காமல் செய்தா இப்பிடித்தான்."

அவ சொன்னது எனக்குச் சுட்டது. பொருத்தம் என்ற சொல்லை நாங்கள் கலியாணத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம், ஆனால் அம்மா சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒரு சாத்திரியாரே செய்யக்கூடிய வேலைதான் இது. முதல் கேள்வி கணம்: புரி வகையா, செருகு வகையா? அதை அறியச் சில்லைக் கழற்றவே தேவையில்லை. பற்சில்லுகளைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் சாவி போடுகிற வளையமும் சேர்ந்து சுற்றினால் கசற். அது அசையாமல் நிற்கப் பல் மட்டும் சுற்றினால் பிறீவீல். இரண்டாவது தவாளிப்பின் வடிவம். மூன்றாவது உருளையின் நீளம். இந்த மூன்றும் பொருந்தினால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் சரி. பிறகுதான் மாமியார். லிவரை ஒரு தட்டுத் தட்டினால் செயின் எவ்வளவு தூரம் நகரவேண்டுமென்பது லிவருக்குள்ளே எழுதி வைத்திருக்கிறது. எட்டுக் கியர்க் கசற்றில் பல்லுக்குப் பல் 4.8 மில்லிமீற்றர், ஒன்பதில் 4.34, பத்தில் 3.95. ஒன்பது லிவரைக் கொண்டுபோய்ப் பத்துக் கசற்றில் பூட்டினால் முதல் இரண்டு கியர் சிரித்துக்கொண்டு போகும். மூன்றாவதில் குடும்பத்துக்குள் சத்தம் கேட்கத் தொடங்கும்.

ஆகவே லண்டன் கசற்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மச்சானின் பழைய ஒன்பது கியர்க் கசற்றையே கோலம் போட்ட சில்லிலிருந்து கழற்றிப் புதிய சில்லில் பூட்டுவது என்று முடிவானது. அதற்குச் சாவி வேண்டும். திங்கட்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஆசிரியர் ஒருவர் அங்கே வாங்கிக்கொண்டு வந்தார். சாவி மட்டும் போதாது. பூட்டு வளையத்தை இடப்பக்கம் சுற்றினால் பற்சில்லும் கூடவே சுற்றும், அதைப் பிடித்து நிறுத்த ஒரு ஆயுதம் வேண்டும். வெளிநாட்டில் அதற்கென்று ஒரு சாமான் விற்கிறார்கள். கடை அண்ணை படத்தைப் பார்த்தார். மூலையில் கிடந்த உடைந்த மண்வெட்டிப் பிடியை எடுத்தார். பழைய லுமாலாச் செயினில் ஒரு முழம் வெட்டி, ஒரு நுனியை அதில் ஆணியடித்தார். மற்ற நுனியைப் பற்சில்லில் சுற்றி என்னைப் பிடிக்கச் சொன்னார். நான் பிடியில் தொங்க, அவர் சாவியில் தொங்க, கடக்கென்று ஒரு சத்தம். கசற் கையோடு வந்தது.

புதிய சில்லில் அது போகுமோ என்று எனக்கு நெஞ்சு அடித்தது. உருளையைச் சுற்றி ஒன்பது தவாளிப்பு, அதில் ஒன்று மட்டும் ஒடுக்கம். பிழையாகப் போட முடியாதபடி செய்த ஏற்பாடு. அண்ணை கண்ணால் பார்க்கவில்லை. பெருவிரலால் உருளையை ஒரு சுற்றுத் தடவினார், ஒடுக்கமானதில் விரல் நின்றது. கசற்றின் உட்பக்கத்தையும் அப்படியே தடவினார். இரண்டையும் நேர்பிடித்து விட, கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல் இறங்கியது.

பூட்டு வளையத்தில் 40 நியூற்றன் மீற்றர் என்று எழுதியிருந்தது. அது எவ்வளவு என்று அண்ணை கேட்டார். எங்கள் பௌதிக ஆசிரியருக்குப் போன் எடுத்தேன். ஒரு அடிச் சாவியின் நுனியில் ஏறக்குறைய 13 கிலோவைத் தொங்கவிட்டால் வரும் இழுவை என்றார். "அப்ப கால் மூட்டை உரம்" என்று அண்ணை கணக்கை முடித்தார். இறுக்கும்போது வளையம் கரகரவென்று சத்தம் போட்டது. உடைகிறதென்று நான் கத்த, அது தளராமலிருக்க அடியில் வெட்டியிருக்கிற வரிகளின் சத்தம் என்று போனில் இருந்தவர் கத்தினார்.

நடுவில் ரயர்க் கதை ஒன்று. நாம்பனின் குளம்பு ரயரையும் கிழித்திருந்தது. கடையில் தொங்கிய ரயரில் 28 இஞ்சி என்று இருந்தது, மச்சானின் ரயரிலும் 28 இஞ்சி என்று இருந்தது. ஆனந்தமாக வாங்கிவந்து போட்டால் றிம்மில் வளையல்போல் ஆடியது. எங்கள் பாரச் சைக்கிளின் 28 வேறு, அவர்களுடைய 28 வேறு. ஒன்று 635 மில்லிமீற்றர் றிம்முக்கு, மற்றது 622க்கு. கடைசியில் கிழிந்த ரயருக்குள்ளேயே ஒரு ரயர்த் துண்டை வைத்து ஓட்டினோம். அது எங்களுக்குத் தெரிந்த வித்தை.

எல்லாம் பூட்டி, சந்தியைச் சுற்றி ஒருதரம் ஓடினேன். கட கட கட கட. இறங்கிப் பார்த்தேன். வளையம் இறுக்கமாகத்தான் இருந்தது. கசற்றைப் பிடித்து ஆட்டினால் கிழவியின் பல்போல் ஆடியது. இன்னும் கால் மூட்டை உரம் ஏற்றினோம். ஆட்டம் நிற்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் வேணியர் இடுக்கிமானி கேட்டுப் போனேன். உயர்தரத்தில் பௌதிகப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன், ஐம்பதை நெருங்கும்போது வேணியரோடு திரும்பி வருவதைப் பார்த்து இரண்டு மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். பழைய ஹப்பின் உருளை 34.9 மில்லிமீற்றர். சுவிஸ் சில்லின் உருளை 36.8. மச்சானுக்கு எழுதினேன். பின்னேரம் அவன் தன் ஊர்க் கடையில் கேட்டுவிட்டு எழுதினான்: "மச்சான் மன்னிச்சிடு, அது பதினொரு கியர் றோட்டுச் சைக்கிள் உருளை. மற்றதைவிட 1.85 நீளம். அடியில ஒரு வோசர் போடோணும்."

விசயம் அவ்வளவுதான். எட்டு, ஒன்பது, பத்து மூன்றுக்கும் ஷிமானோவின் பழைய உருளை ஒரே நீளம், ஏறக்குறைய 35. ஏழு கியருக்கு அதைவிடக் கட்டை, 31. றோட்டுச் சைக்கிளில் பதினொன்று வந்தபோது ஒரு பல்லுக்கு இடம் காணாமல் உருளையைக் கொஞ்சம் நீட்டினார்கள். அதில் பழைய கசற்றைப் போட்டால் பிழையில்லாமல் இறங்கும், தவாளிப்பு ஒன்றுதானே. ஆனால் உருளை கசற்றுக்கு மேலால் எட்டிப் பார்க்கும். பூட்டு வளையம் உருளையின் நுனியில் முட்டி நின்றுவிடும், கசற்றை அமத்தாது. அந்த எட்டிப் பார்க்கும் 1.85 மில்லிமீற்றரை அடியில் நிரப்பினால் முடிந்தது. மறுபக்கமாகப் பார்த்தால் வழியில்லை. றோட்டுப் பதினொன்றைக் கட்டை உருளையில் ஏற்ற முடியாது. நீளத்தை நிரப்பலாம், கட்டையை இழுக்கலாமோ?

யாழ்ப்பாணத்தில் சொல்லியெடுத்தால் அடுத்த திங்கட்கிழமை வரும் என்றேன். அண்ணை கேட்கவில்லை. 1.85 என்றதும் அவருடைய கண் என் சைக்கிளின் ஹாண்டிலில் தொங்கிய பையில் விழுந்தது. அம்மா பிடி பூட்டுவிக்கக் கொடுத்துவிட்ட அலுமினியச் சட்டி மூடி அதற்குள் இருந்தது.

"வேணியரை வையுங்கோ பாப்பம்."

0.9 மில்லிமீற்றர். இரண்டு மடிப்பு 1.8.

"0.05 குறையுது அண்ணை."

"அதைக் கிறீஸ் பாக்கும்."

பழைய உருளையை மூடியின்மேல் கவிழ்த்து ஆணியால் கோடு கீறினார். தகரம் வெட்டுகிற கத்திரிக்கோலால் இரண்டு வளையம் வெட்டினார். உள்ளோரத்தை அரத்தால் ராவி, உருளையில் போட்டுப் பார்த்து, திரும்பவும் ராவி, நாலாவது தடவையில் இரண்டும் அடியில் போய் அமர்ந்தன. அதன்மேல் கசற். அதன்மேல் கால் மூட்டை உரம். ஆட்டிப் பார்த்தேன். மலை அசையலாம், இது அசையாது. கியரின் பக்கத்துத் திருகாணியைக் கொஞ்சம் திருப்பி, ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒன்பதும் போனது.

"எவ்வளவு அண்ணை?"

"சில்லுப் பூட்டின காசைத் தாங்கோ. வோசருக்கு வேண்டாம். அது உங்கட அம்மாவின்ர."

வவுனிக்குளத்துக் கட்டுவரை போனேன். இறங்காமல் ஏறினேன். மேலே நின்று மூச்சு வாங்கியபோது, கீழே தண்ணீருக்குள் நின்ற எருமைகளில் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. எங்கோ கேட்ட குரல் என்று நினைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மூடிக் கதையைச் சொல்ல மூன்று நாள் எடுத்தேன். சொன்னபோது அம்மா கோபிக்கவில்லை. அதற்குக் காரணம் குசினிக்குள் போனபோதுதான் தெரிந்தது. லண்டன் கசற்றின் சின்னப் பக்கத்தை அடுப்படி மணலுக்குள் புதைத்து, 51 பல்லுப் பக்கத்தை மேலே விட்டிருந்தா. அதன் நடுப்பள்ளத்தில் சோற்றுப்பானை ஆடாமல் அசையாமல் இருந்தது. பழைய பனையோலைத் திருகணி மூலையில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீடியோவில் வந்தார். "என்ன மாதிரி, கசற் பொருந்திச்சோ?" என்றார். நான் சொல்லெடுக்க முன் அம்மா போனைப் பறித்துக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தா.

"ஓமடா தம்பி, அந்தமாதிரிப் பொருந்துது. ஆனா கறிச்சட்டிக்குப் பெரிசாக் கிடக்கு. அடுத்தமுறை ஆரும் வந்தா ஒரு சின்னனும் குடுத்துவிடு."